ரஷ்யாவுல வெயில் நின்னா நம்ம மாடில வத்தல் நனையுமா? ஜெட் ஸ்ட்ரீம் அலையைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆடி மாசம் மத்தியானம் மூணு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறுங்க. செருப்பு போட்டுக்கிட்டு ஏறுங்க, தட்டோடு காலைச் சுட்டுரும். மொதல்ல கீழ பாருங்க, வேப்பமரம் எந்தப் பக்கம் சாயுது, கொடில காயுற வேட்டி எந்தப் பக்கம் பறக்குதுன்னு. மேக்க இருந்து கெழக்க. அம்மியே பறக்கும்னு சொல்ற ஆடிக்காத்து, மேகாத்துதான் அது. இப்போ தலைய நிமித்தி ரொம்ப உசரத்துல நார் நாரா, பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி கெடக்குற மேகத்தைப் பாருங்க, கீழ ஓடுற குட்டி மேகத்தை விட்ருங்க, அதுக்கும் மேல. தண்ணி டேங்க் விளிம்பை அடையாளமா வச்சுக்கிட்டு பத்து நிமிஷம் அசையாம நின்னா தெரியும், அது கெழக்க இருந்து மேக்க போய்க்கிட்டு இருக்கும். கீழ ஒரு காத்து, மேல அதுக்கு நேர் எதிரா இன்னொரு காத்து.

இந்த ரெண்டு காத்தும் ரெண்டு கதை. மூணாவதா ஒரு காத்து இருக்கு, இமயமலைக்கு அந்தாண்டை ரொம்ப உசரத்துல ஆறு மாதிரி வேகமா ஓடுற ஜெட் ஸ்ட்ரீம், நம்ம கண்ணுக்கே தெரியாது, ஆனா அதுதான் இந்த வழிகாட்டியோட கதாநாயகன். மாஸ்கோவுல வெயில் கொளுத்துறதையும் பாகிஸ்தான் பெஷாவர்ல மழை கொட்டுறதையும் ஜப்பான்ல ஜனங்க வேர்த்து ஊத்துறதையும் ஒரே கயித்துல கட்டுறது அந்தக் காத்துல ஓடுற அலைதான். அந்தக் கயிறோட ஒரு நுனி காரைக்குடி வரைக்கும் வருதா இல்லையான்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை.

எனக்கு எதுக்கு இந்த வேலைன்னா, எங்க வீட்ல வத்தல், வடகம், மோர் மிளகாய் போட்டு விக்கிறோம். வத்தல் சீசன் மாசி பங்குனிதான், ஆனா விக்கிறவனுக்கு ஏது சீசன், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வந்தா ஆடிலயே கூழ் கிண்டணும். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆவணில 20 படி அரிசிக் கூழை மாடி பூரா பிழிஞ்சு விட்டோம், போன்ல பார்த்தா மஞ்சக் கலர் சூரியன் படம் சிரிச்சுக்கிட்டு இருக்கு, சாயங்காலம் அஞ்சரைக்கு அடிச்ச மழைல அத்தனையும் கஞ்சியாகி வளவு வாசல் தூம்பு வழியா தெருவுக்கு ஓடுச்சு. அன்னைக்குக் காலைலயே அப்பத்தா சொன்னாங்க, "தம்பி, கோடை அடங்கிருச்சுப்பா, கொண்டல் திரும்புது, இன்னைக்கு வேணாம்"னு. நான் கேக்கல. அப்பத்தா சொன்னதுக்கும் ஆப்கானிஸ்தானுக்கு மேல அன்னைக்கு ஜெட் ஸ்ட்ரீம் தொங்குன தொங்கலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க ஒரு வாரத்துல புரிஞ்சுக்கலாம், அதுக்குத்தான் இது.

என்னென்ன வேணும்

போன், நெட், ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில். காத்து ஓடுறதை மேப்ல காட்டுற விண்டி ஆப் போதும், காசு கட்ட வேண்டியதில்ல. உலகத்தை உருண்டையா திருப்பிப் பார்க்க எர்த் நல்ஸ்கூல் தளம் நல்லா இருக்கும். வடதுருவத்தை நடுவுல வச்சுப் பார்த்தா அலை பூப் போட்ட மாதிரி தெரியும், அதை ஒரு தடவையாவது பார்த்துருங்க. ரொம்ப முக்கியமா வேண்டியது பொறுமை. ஒரு நாள் மேப்பைப் பார்த்துட்டு ஜோசியம் சொல்லக் கூடாது, தொடர்ந்து ஒரு வாரமாவது அதே நேரத்துக்குப் பார்த்து நோட்டுல வரையணும்.

முதல் படி: ரெண்டு ஜெட்டையும் பிரிச்சுப் பாருங்க

விண்டில காத்து படத்தைத் திறந்து, பக்கத்துல இருக்குற உயர ஸ்லைடரை 250 ஹெக்டோபாஸ்கலுக்கு ஏத்துங்க (அது காத்தழுத்த அளவு, உசரம் போகப் போக நம்பர் குறையும்), அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உசரம், ஃப்ளைட் பறக்குற உசரம். இப்போ மேப்பை ஐரோப்பா, காஸ்பியன் கடல், சீனா, ஜப்பான் எல்லாம் தெரியுற மாதிரி சுருக்குங்க. அகலமான நதி மாதிரி கலர் மாறி ஓடுதே, மேக்க இருந்து கெழக்க, அதான் மேற்கத்திய ஜெட். ஜூலை ஆகஸ்ட்ல ஆசியாவுக்கு மேல இது கிட்டத்தட்ட 40 டிகிரி வடக்குல, காஸ்பியன்ல ஆரம்பிச்சு திபெத்துக்கு வடக்கால போய் ஜப்பானைத் தொடும். குளிர்காலத்துல இதே ஜெட் இமயமலைக்குத் தெக்க, டெல்லி பக்கமா இறங்கி வந்துரும், மே கடைசி ஜூன் வாக்குல மலையைத் தாண்டி வடக்க குதிக்கும், பருவமழை உள்ள வர்றதும் அதை ஒட்டித்தான்.

இது ஏன் ஓடுதுன்னா, தெக்க சூடு வடக்க குளிர், அந்த வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம், பூமி சுத்துறதால அது வடக்க போகாம கெழக்க திரும்பிருது. குளிர்காலத்துல ஜப்பானுக்கு மேல மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். நியூயார்க்ல இருந்து லண்டன் போறவங்க சீக்கிரம் போய்ச் சேர்ந்து, திரும்பி வர்றப்போ ஒரு மணி நேரம் கூட உக்காந்திருக்குறது இதாலதான்.

இதை முதல்ல ஒழுங்கா அளந்தவர் ஒரு ஜப்பான்காரர், வசாபுரோ ஓயிஷி. 1920-கள்ல டட்டேனோங்கிற ஊர்ல பலூன் விட்டு விட்டு அளந்து 1926-ல அறிக்கையா எழுதினார், உலகம் பூரா படிக்கணும்னு ஆசைப்பட்டு எஸ்பெராண்டோ மொழில எழுதினார், அதனாலயே யாரும் படிக்கல. கடைசில ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க பாம்பர் விமானங்க ஜப்பான் மேல போய் காத்துல அடிபட்டப்புறம்தான் எல்லாரும் முழிச்சாங்க.

இப்போ ஸ்லைடரை 150-க்கு ஏத்துங்க, பதிமூணு பதினாலு கிலோமீட்டர் உசரம். மேப்பை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. ஆடி மாசம்னா தமிழ்நாட்டுக்கு மேல ஒரு ஆறு கெழக்க இருந்து மேக்க, ஆப்பிரிக்கா வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கும். இது வெப்பமண்டல கிழக்கு ஜெட். கோடைல திபெத் பீடபூமி பக்கம் சூடாகி, வடக்க சூடு தெக்க குளிர்னு கணக்கு தலைகீழா மாறிருது, அதனால காத்தும் தலைகீழா ஓடுது. இதை 1950-கள்ல உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாடி இந்திய வானிலைத் துறைக்கே தலைவரா இருந்தவர். மொட்டை மாடில நீங்க பார்த்த நார் மேகம் போற போக்கும் இந்தக் கெழக்கத்திக் காத்தோட போக்குதான்.

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும், ஏன்னு ஏழாவது படில சொல்றேன், அங்கதான் நெறைய பேர் வழுக்கி விழுறாங்க.

ரெண்டாவது படி: ஏன் நெளியுதுன்னு புரிஞ்சுக்குங்க

250-க்குத் திரும்பி வந்து அந்த மேற்கத்திய ஆற்றைப் பாருங்க, நேரா ஓடாது. பாம்பு மாதிரி வடக்க ஏறி தெக்க இறங்கி ஏறி இறங்கி ஓடும். இந்த நெளிவுக்கு ராஸ்பி அலைன்னு பேர், 1939-ல இதுக்குக் கணக்கு எழுதின கார்ல் குஸ்டாஃப் ராஸ்பி பேரால.

சின்னப் புள்ளைல தட்டாமாலை சுத்தியிருப்போம்ல, அதை நெனச்சுக்குங்க. பூமி சுத்துறப்போ நம்ம நிக்கிற தரையும் தட்டாமாலை சுத்துது, ஆனா எல்லா ஊர்லயும் ஒரே அளவு இல்ல. வடதுருவத்துல நின்னா ஒரு நாளுக்கு முழுசா ஒரு சுத்து, நடுக்கோட்டுல நின்னா சுத்தே கெடையாது, நம்ம காரைக்குடி 10 டிகிரில இருக்கு, ரொம்பக் கொஞ்சம். இப்போ ஒரு காத்துப் பொட்டலம் வடக்க போகுதுன்னு வைங்க, அது கீழ இருக்குற தரையோட சுழல் கூடிக்கிட்டே போகும், மொத்தக் கணக்கு மாறக் கூடாதுங்கிறதால காத்து தன்னோட சொந்தச் சுழலைக் கொறச்சுக்கும், அதாவது கடிகார முள் பக்கமா வளைஞ்சு தெக்க திரும்பிரும். தெக்க ரொம்ப வந்துட்டா உல்டாவா வளைஞ்சு வடக்க போகும். இதே கதைதான் திரும்பத் திரும்ப.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இதை விட்டுட்டா மீதி எதுவும் புரியாது. அலை எப்பவும் காத்துக்கு எதிர்நீச்சல் போட்டுக்கிட்டே இருக்கும், மேற்கு நோக்கி. சின்ன அலைக்குத் தெம்பு பத்தாது, காத்து அதைக் கெழக்க அடிச்சுக்கிட்டுப் போயிரும், ரெண்டு மூணு நாள்ல கடந்துரும். பெரிய அலை நல்ல நீச்சக்காரன். காத்து தள்ளுற வேகமும் அலை நீந்துற வேகமும் சமமாயிட்டா அலை ஒரே எடத்துல நின்னுரும். வெயில் காலத்துல ஜெட்டே இளைச்சுப் போயிருக்கும், தள்ளுற தெம்பு கம்மி, அதனால நிக்கிறது சுலபம். ஒரு நாள் வெயில் யாரையும் பெருசா பாதிக்காது, அதே வெயில் மூணு வாரம் நகராம நின்னாத்தான் ஆள் சாவாங்க, காடு எரியும், கோதுமை கருகும்.

மூணாவது படி: மேடும் பள்ளமும் குறிங்க

நோட்டுல ஒரு கோடு இழுத்து, ஜெட் வடக்க ஏறுற எடத்துக்கு மே, தெக்க தொங்குற எடத்துக்கு ப போடுங்க. மேட்டுக்குள்ள காத்து மேல இருந்து கீழ அமுங்கும். அமுங்குற காத்து சூடாகும், சைக்கிள் பம்ப் அடிக்கிறப்போ அடில சுடுதே, அதே சமாச்சாரம், ஒரு கிலோமீட்டர் இறங்குனா கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும். அமுங்குற எடத்துல மேகம் கட்டாது, வெயில் நேரா தரைல விழும், தரை ஈரம் ஒரு வாரத்துல காஞ்சுரும், ஈரம் இருந்த வரைக்கும் வெயில்ல பாதி தண்ணியை ஆவியாக்கப் போச்சு, இப்போ மொத்தமும் காத்தைச் சூடாக்கத்தான், அதனால இன்னும் சூடு, மேடு இன்னும் உசரும். மூடி போட்ட இட்லிக் கொப்பரை மாதிரி. வெப்பக் குவிமாடம்னு செய்தில சொல்றாங்களே, அது இதுதான்.

பள்ளத்தோட கெழக்குப் பக்கம் காத்து மேல ஏறும். ஈரம் கெடச்சா அங்க மழை. பள்ளத்தோட மேக்குப் பக்கம் இறங்கும், காய்ஞ்ச குளிர் காத்து. இவ்வளவுதான் விதி. மேட்டுக்குள்ள வெயில், பள்ளத்துக்குக் கெழக்க மழை. இதை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டா மேப்பைப் பார்த்ததும் பாதி கதை சொல்லிரலாம்.

நாலாவது படி: தூரத்து ஊரை எப்படி எட்டுதுன்னு பாருங்க

இங்கதான் விஷயமே இருக்கு. தேரோட்டம் பார்த்திருப்பீங்க. வடத்தை முன்னாடி இருக்குறவங்க ஒரு வெட்டு வெட்டி இழுத்தா அந்த உலுக்கல் வடத்து வழியா ஓடிப் பின்னாடி நிக்கிறவன் கையைப் புடுங்கும், ஆனா முன்னாடி நின்ன ஆள் யாரும் பின்னாடி ஓடி வரல. ராஸ்பி அலையும் அப்படித்தான். மேடு பள்ளம் நின்ன எடத்துலயே நிக்கும், அதோட சக்தி மட்டும் கெழக்க ஓடும். அதனால அட்லாண்டிக் கரைல ஒரு மேடு உசந்தா, ரெண்டு நாள் கழிச்சு அதுக்குக் கெழக்க ஒரு பள்ளம் ஆழமாகும், இன்னும் ரெண்டு நாள்ல அடுத்த மேடு உசரும். ஐரோப்பால ஆரம்பிச்ச உலுக்கல் ஒரு வாரம் போல ஜப்பானைத் தொட்டுரும்.

வடம் அறுந்தா உலுக்கல் போகாது. ஜெட் ஒடுங்கலா, வேகமா, உடையாம இருந்தா அது ரெண்டு பக்கமும் கரை கட்டின வாய்க்கால் மாதிரி, அலை வெளில கசியாம போகும். ஜெட் பிஞ்சு பிஞ்சு கெடந்தா பாதில வடிஞ்சு போயிரும். அதனால மேப்ல மேடு பள்ளத்தை மட்டும் பார்க்காதீங்க, வாய்க்கால் முழுசா இருக்கான்னும் பாருங்க.

இப்போ எண்ணுங்க. 45 டிகிரி வடக்குல பூமியைச் சுத்தி வந்தா 28,000 கிலோமீட்டர் சொச்சம். அதுல எத்தனை மேடு? அஞ்சுன்னா ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 5,600 கிலோமீட்டர், ஏழுன்னா 4,000. கோடைல இந்த அஞ்சும் ஏழும்தான் வில்லங்கமான நம்பர். 2020-ல காய் கோர்ன்ஹூபர்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் பழைய தரவை அலசினதுல, அஞ்சு அலை பெருத்தா நடு வட அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, கிழக்கு ஆசியா மூணுலயும், ஏழு அலை பெருத்தா மேற்கு நடு வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, மேற்கு ஆசியா மூணுலயும் ஒரே சமயம் வெயில் அடிக்கிற வாய்ப்பு ரொம்பக் கூடுதுன்னு காட்டினாங்க. இதெல்லாம் உலகத்துக்குச் சோறு போடுற நிலம், ஒண்ணு காஞ்சா இன்னொண்ணு காப்பாத்தும்னு நெனச்சுக்கிட்டு இருந்த கணக்கு இதுல அடிவாங்குது.

ஏன் சில அலை மட்டும் இப்படி பூதாகரமா வளருதுன்னு கேட்டா, கல்யாண வீட்ல சாம்பார் அண்டாவைக் கம்பு கொடுத்து ரெண்டு பேர் தூக்கிட்டு வர்றதைக் கவனிங்க. நடக்குற தாளமும் உள்ள சாம்பார் ஆடுற தாளமும் ஒண்ணாயிட்டா நாலு எட்டுல சட்டைல ஊத்திரும், அதனாலதான் பழக்கப்பட்ட ஆள் எட்டை மாத்தி மாத்தி வைப்பான். மலையும், கடலுக்கும் தரைக்கும் உள்ள சூட்டு வித்தியாசமும் ஜெட்டை எப்பவும் ஒரே எடத்துல தட்டிக்கிட்டே இருக்கு, அந்தத் தட்டும் வாய்க்காலுக்குள்ள மாட்டுன அலையும் ஒத்துப் போனா அலை பெருக்கும். விளாடிமிர் பெடுகோவும் மத்தவங்களும் 2013-ல சொன்ன கருத்து இது. எல்லா வெயிலுக்கும் இது பொருந்தாது, சில பேர் இதை எதுக்கெடுத்தாலும் இழுக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

அஞ்சாவது படி: 2010-ஐ வச்சுப் பழகுங்க

புதுசா கத்துக்குறவங்களுக்கு 2010 ஜூலை ஆகஸ்ட் மாதிரி பாடம் கெடையாது. எர்த் நல்ஸ்கூல்ல அவ்வளவு பழசு கெடைக்காது, அதனால வெள்ளைத் தாள்ல ஐரோப்பா ஆசியா மேப்பை கைல வரைஞ்சுக்குங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல.

மாஸ்கோ மேல ஒரு பெரிய மேடு போடுங்க. அது ஜூலைல வந்து நின்னு ஆகஸ்ட் நடுவு வரைக்கும் நகரல. மாஸ்கோல ஜூலை மாசம் சாதாரணமா பகல்ல 23, 24 டிகிரிதான் இருக்கும், நமக்கு ஏசி வச்ச மாதிரி. அந்த ஜூலை 29 அன்னைக்கு 38.2 டிகிரி, அந்த ஊர் சரித்திரத்துலயே இல்லாதது. இதைப் பார்த்து நம்ம ஆளுங்க சிரிப்பாங்க, 38 எல்லாம் எங்களுக்குப் பங்குனின்னு. சிரிக்காதீங்க, அங்க வீடே குளிரைத் தடுக்கக் கட்டினது. நம்ம வீட்டு மாதிரி நடுவுல முற்றம் விட்டு, உசரமா கூரை வச்சு, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைல பாய் போடாம படுக்குற வசதி அங்க ஏது. அந்தக் கோடைல ரஷ்யால கணக்குக்கு மேல செத்தவங்க சுமார் 55,000 பேர்னு மதிப்பிட்டாங்க. கரி மண் பூமி பத்திக்கிட்டு எரிஞ்சு ஊரே புகை. கோதுமை போச்சு, ஆகஸ்ட் 15-ல இருந்து ஏற்றுமதியையே நிறுத்திட்டாங்க.

இப்போ மேட்டுல இருந்து கெழக்கால, கொஞ்சம் தெக்கால விரலை நகர்த்துங்க. மேட்டுக்கு அடுத்து பள்ளம் இருந்தாகணும்ல? அது பாகிஸ்தானோட வடக்கு எல்லைக்கு மேல தொங்குச்சு. கீழ வங்கக் கடல்ல இருந்தும் அரபிக் கடல்ல இருந்தும் பருவமழை ஈரம் வந்து நிக்குது, மேல பள்ளம் காத்தைத் தூக்கி விடுது, பின்னாடி மலை முட்டுக் கொடுக்குது. மாஸ்கோ சாதனை வெயில் அடிச்ச அதே ஜூலை கடைசி நாள்கள்ல பெஷாவர் பக்கம் பேய் மழை. அந்த வெள்ளத்துல கிட்டத்தட்ட 2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டாங்க, நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நிலம் தண்ணில. ஆகஸ்ட் 6 விடியறதுக்குள்ள நம்ம லடாக்ல லே ஊர்ல மேகம் வெடிச்சு 200 பேருக்கு மேல போனதும் அதே வாரங்கள்லதான்.

ரெண்டையும் ஒண்ணா வச்சு 2012-ல வில்லியம் லாவும் கியூ-மியோங் கிம்மும் எழுதினாங்க. ரஷ்ய மேடுதான் மழைக்கு முழுக் காரணம்னு அவங்க சொல்லல, அந்த வருஷம் லா நினா, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளுந்து கெடக்குறது, வேற சேர்ந்து ஈரத்தைக் கூட்டியிருந்துச்சு. ஈரம் இந்தப் பக்கத்துச் சரக்கு, தூக்குன கை அந்தப் பக்கத்துது.

இது பழகிட்டா 2018 சுலபம். அந்த ஜூலைல ஏழு அலைக் கோலம், வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, காஸ்பியன் பக்கம் ஒரே சமயம் சூடு, ஸ்வீடன்ல காடு எரிஞ்சுச்சு. அதே மாசம் 23 அன்னைக்கு ஜப்பான்ல குமகயா ஊர்ல 41.1 டிகிரி. 2021 ஜூன் 29-ல கனடால லிட்டன்ங்கிற சின்ன ஊர் 49.6 தொட்டு, மறுநாளே தீயில போச்சு. அந்த வெயிலுக்கு முன்னாடி கனடாவோட சாதனை 45. மூணே நாள்ல நாலரை டிகிரிக்கு மேல ஏறிருச்சு.

ஆறாவது படி: நம்ம மழையும் அவங்களைத் தள்ளுது

எல்லாரும் அங்க இருந்து இங்கன்னே யோசிக்கிறாங்க. பருவமழைல நீராவி தண்ணியாகுறப்போ விடுற சூடு லேசுப்பட்டதில்ல, அதுல பெரும்பங்கு பல கிலோமீட்டர் உசரத்துல போய்க் கொட்டுது. அது மேல ஒரு பெரிய காத்து மேட்டைக் கட்டி, வடக்க ஓடுற ஜெட்டை முட்டும். முட்டுன எடத்துல புது அலை பொறக்கும். 2005-ல டிங், வாங்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, வடமேற்கு இந்திய மழை தூக்கலா இருக்குறப்போ பூமியைச் சுத்தி அஞ்சு மேட்டு வளையம் ஒண்ணு அமையறதைக் காட்டினாங்க. அதோட ஆசியத் துண்டு மத்திய ஆசியா வழியா ஜப்பான் வரைக்கும் பழைய பட்டுப் பாதை மேலயே போறதால பட்டுப்பாதைக் கோலம்னே பேர் வச்சுட்டாங்க.

மேற்குப் பக்கமும் விடல. ராட்வெல்லும் ஹாஸ்கின்ஸும் 1996-ல சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இங்க மழை கொட்டி மேல ஏறுன காத்துக்கு ஈடா மத்தியதரைக் கடல், கிழக்கு சஹாரா பக்கம் காத்து இறங்குது, அந்தப் பாலைவனம் கோடைல அப்படி வறண்டு கெடக்குறதுக்கு நம்ம பருவமழையும் ஒரு காரணம். நம்ம ஆளுங்க பர்மா, மலேயா, சிலோன்னு போய் வட்டிக் கடை வச்சப்போ இங்க இருந்து ஓலை போச்சு, அங்க இருந்து தேக்கு வந்துச்சு. வரவும் உண்டு, செலவும் உண்டு. காத்துக் கணக்கும் இரட்டைப் பதிவுதான்.

ஏழாவது படி: காரைக்குடிக்கு எப்படி வருது

நேரா வராது. இதைச் சத்தமா சொல்றேன், ஏன்னா வாட்ஸ்அப்ல ஜெட் ஸ்ட்ரீம் அலை தமிழ்நாட்டைத் தாக்குதுன்னு ஃபார்வர்ட் வர்றதைப் பார்த்து எனக்கு வயித்தெரிச்சல். முதல் படில 150-ல பார்த்தீங்கள்ல, கோடைல நம்ம தலைக்கு மேல ஓடுறது கெழக்கத்திக் காத்து. நின்னு நிலைக்கிற ராஸ்பி அலை மேற்கத்திய காத்துலதான் வாழும், கெழக்கத்திக் காத்துக்குள்ள நுழைய முடியாது. மேக்க நோக்கி நீந்துற அலையை அதே பக்கம் தள்ளுற காத்துல விட்டா அது எப்படி நிக்கும்? அதனால அலை நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வராது, வட இந்தியா வழியா ஆள் விட்டு அனுப்பும்.

அந்த ஆள் யார்னா பருவமழைப் பள்ளம். ராஜஸ்தான்ல இருந்து வங்கக் கடல் வரைக்கும் தரைமட்டத்துல கெடக்குற தாழ்வு அழுத்தக் கோடு. இது நடு இந்தியால கெடந்தா அங்க மழை, நமக்கு மேகாத்து, புழுதி, வறட்சி. மேற்கத்திய ஜெட்ல ஒரு பள்ளம் ஆழமா தெக்க தொங்கி ஆப்கானிஸ்தான், வட பாகிஸ்தான் மேல வந்துட்டா, பல சமயம் இந்தக் கோடு வடக்க நகர்ந்து இமயமலை அடிவாரத்துல போய் ஒட்டிக்கும். நடு இந்தியால மழை நின்னுரும், இதுக்குப் பருவமழை இடைவெளின்னு பேர். இடைவெளிங்கிறதே மேற்கத்திய ஜெட்டும் கெழக்கத்திய ஜெட்டும் போடுற மல்லுக்கட்டுதான்னு 1962-லயே எழுதினவர் இந்திய வானிலைத் துறைல இருந்த சி. ராமஸ்வாமி.

அந்த இடைவெளில மழை ரெண்டு எடத்துல கூடும். ஒண்ணு இமயமலை அடிவாரம். இன்னொண்ணு, நம்ம தென்கிழக்குப் பக்கம். மேகாத்து தளர்ந்துரும், தொண்டிப் பக்கம் கடல்ல இருந்து வர்ற கடக்காத்து எதிர்ப்பு இல்லாம தேவகோட்டையைத் தாண்டி உள்ள வரும், அரைகுறை மேகாத்தோட முட்டுற எடத்துல சாயங்காலம் இடி மழை. பழைய தமிழ்ல மேகாத்துக்கே கோடைன்னு பேர், கெழக்கத்திக் காத்துக்குக் கொண்டல். கோடை அடங்கி கொண்டல் திரும்புதுன்னு அப்பத்தா சொன்னது இதைத்தான். ஜெட்டோட தொங்கலை அவங்க காது மடல்ல படிச்சிருக்காங்க.

இப்போ நான் செய்றது இதுதான். ஆடி ஆவணில கூழ் கிண்டுறதுக்கு நாலு நாள் முன்னாடி 250-ஐப் பார்க்கிறேன், ஐரோப்பால மேடு நிக்குதா, அதுக்குக் கெழக்க பள்ளம் தெக்க இறங்குதா, 35 டிகிரிக்குக் கீழ வருதா. அப்புறம் ஸ்லைடரை 850-க்கு இறக்கி, அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர், கேரளா தாண்டி வர்ற மேகாத்து வேகம் நாளுக்கு நாள் குறையுதான்னு பார்க்கிறேன். இந்திய வானிலைத் துறை வியாழக்கிழமை தோறும் போடுற நாலு வார முன்னறிவிப்பையும் ஒரு கண் பார்த்துக்குறேன். கடைசியா அன்னைக்குக் காலைல மாடில நின்னு காது மடல்ல காத்து எந்தப் பக்கம் படுதுன்னு பார்க்கிறேன். எல்லாமே மழைன்னு ஒத்துப் போனா அன்னைக்குக் கூழ் கிடையாது, மோர் மிளகாய் மட்டும், அதை அவசரத்துக்கு முறத்துல அள்ளிக்கிட்டு வளவுக்குள்ள ஓடிரலாம்.

எங்கெல்லாம் சறுக்கும்

2023 ஆகஸ்ட். நாடு முழுக்க மழை 36 சதவீதம் குறைஞ்சு, 1901-ல இருந்து இவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லன்னு ஆச்சு, நீளமான இடைவெளி. என் கணக்குப்படி நம்ம பக்கம் மழை பிச்சு உதறியிருக்கணும். ஆனா தென் மாநிலங்களுக்கும் மழை பெருசா குறைஞ்சுச்சு. அந்த வருஷம் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடா கெடந்த வருஷம். பசிபிக்ல வேற ஒருத்தன் ஒக்காந்து கயித்தை இழுத்தா நம்ம வடம் எடுபடாது.

அக்னி நட்சத்திர வெயிலுக்கும் இந்த அலையைக் கூப்பிடாதீங்க. கத்திரி வெயில்ல நம்ம ஊர் கொதிக்கிறதுக்கு உச்சிச் சூரியன், செம்மண் பூமி, லேட்டா வர்ற கடக்காத்து, இதுவே போதும்.

அப்புறம், ஆர்க்டிக் சூடாகுறதால ஜெட் அதிகமா நெளியுதுங்கிற பேச்சு. 2012-ல ஜெனிஃபர் ஃபிரான்சிஸும் ஸ்டீஃபன் வாவ்ரஸும் கிளப்பி விட்டது, ஆர்க்டிக் மத்த உலகத்தைவிடப் பல மடங்கு வேகமா சூடாகுறது உண்மை, தரை மட்டத்துல வடக்கு தெற்கு வித்தியாசம் குறையுதுங்கிறதும் உண்மை, ஆனா ஜெட் ஓடுற உசரத்துல வெப்ப மண்டலம் சூடாகுறது அதுக்கு எதிர்ப் பக்கம் இழுக்குது, இன்னும் ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்டை ஓயல. சண்டை இல்லாத விஷயம் ஒண்ணு உண்டு, அலை பழைய அலையாவே இருந்தாலும் அது நிக்கிற பூமி முன்னைவிடச் சூடு, அதனால அதே மேடு இன்னைக்கு உசந்தா வெயில் இன்னும் ரெண்டு டிகிரி கூட அடிக்க முடியும்.

ஒரு சின்ன விஷயம், நோட்டுல தேதி போட மறந்துராதீங்க. என்னோட முதல் வருஷ நோட்டு பூரா மேடும் பள்ளமும்தான், எது எந்த நாள்னு எனக்கே தெரியாது, அம்மா அதைக் கிழிச்சு வத்தல் பொட்டலம் மடிச்சுட்டாங்க. இப்போ மேல தேதி, கீழ அன்னைக்கு மாடில என்ன காயப் போட்டோம், நனைஞ்சுதா இல்லையான்னு எழுதுறேன். இந்த வாரம் காஸ்பியனுக்கு மேல ஒரு பள்ளம் இறங்கிக்கிட்டு இருக்கு, மேகாத்து நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் மட்டு. வெள்ளிக்கிழமைக்கு 15 படி ஆர்டர் கெடக்கு. அரிசியை ஊற வச்சிரவான்னு கீழ இருந்து குரல் வருது, நான் இன்னும் 850-ஐத் திறந்து பார்க்கல.